எந்தக் கம்பெனியில் சேரலாம்? – அண்ணியின் கேள்வியும் 1886-ல் தொடங்கிய ஒரு கதையும்

போன மாசம் அண்ணி ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பக்கத்தை ஸ்கேலால் கோடு போட்டு மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கம்பெனி பெயர் எழுதியிருந்தார். சேருவதற்கு என்ன ஆகும், எத்தனை சதவீதம் கமிஷன், எந்த அக்கா சேர்த்துவிடுவார் எல்லாம் கீழே பென்சிலில் இருந்தது. ஒன்று சோப்பு, ஷாம்பு. இன்னொன்று சமையலறைச் சாமான். மூன்றாவது சத்து மாவு.

"தம்பி, நீங்கதான் பழைய புக்கு, கோர்ட் தீர்ப்புன்னு எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கீங்களே. இந்த மூணுல எது நல்ல கம்பெனி, பார்த்துச் சொல்லுங்க. வீட்டுல இருந்தே பண்ணலாமாம்."

சீட்டு எடுத்த பணம் 20,000 ரூபாய் அவர் கையில் இருக்கிறது. சின்னவன் பள்ளிக்கூடம் போனபின் மதியம் மூன்று மணிவரை நேரமும் இருக்கிறது. அண்ணன் சம்பளத்தில் மாசக் கடைசி இடிக்கிறது. ஆக, விளையாட்டாகக் கேட்ட கேள்வி இல்லை.

"எதிலயும் சேராதீங்க அண்ணி" என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் காரணம் சொல்லாமல் 'வேண்டாம்' என்றால் அது யோசனை ஆகாது, பயமுறுத்தல்தான். அதனால் ஒரு வாரம் டைம் வாங்கிக்கொண்டு, இந்தத் தொழில் எங்கே ஆரம்பித்தது, எந்த இடத்தில் கெட்டது என்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். அந்த ஒரு வாரக் குறிப்புகள்தான் கீழே. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் விற்கப் போனவர்

அமெரிக்காவில் டேவிட் மெக்கானல் என்று ஒருவர். வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்பவர். கதவைத் திறக்கும் பெண்கள் முகத்தைச் சுளிக்காமல் இருக்க, கையில் சின்ன வாசனைத் தைலக் குப்பிகளை வைத்துக்கொண்டு இலவசமாகக் கொடுப்பார். கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது: புத்தகத்தைவிடத் தைலத்துக்குத்தான் மவுசு. 1886-ல் நியூயார்க்கில் 'கலிபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி' என்று ஆரம்பித்தார். நியூயார்க்கில் இருந்துகொண்டு கலிபோர்னியா என்று பெயர்! பூவுக்குப் பெயர்போன ஊர் என்பதால். 1939-ல் அதே கம்பெனி 'ஏவான்' என்று பெயர் மாறியது.

மெக்கானல் செய்த புத்திசாலித்தனமான காரியம், தைலத்தை விற்கப் பெண்களை அனுப்பியது. முதலில் சேர்ந்தவர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற ஊரைச் சேர்ந்த மிஸஸ் அல்பீ. வயது ஐம்பதை ஒட்டி. ரயிலிலும் குதிரை வண்டியிலும் ஊர் ஊராகப் போய் விற்றார். தான் விற்றதோடு நிற்காமல், போகிற ஊரில் எல்லாம் வேறு பெண்களைத் தேடிப் பிடித்துப் பழக்கிவிட்டார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்ததே 1920-ல்தான். அதற்கு முப்பத்து நான்கு வருடம் முன்பே ஒரு பெண் தன் பெயரில் சம்பாதிக்க இப்படி ஒரு வழி இருந்திருக்கிறது. இதை நான் லேசாக நினைக்கவில்லை. அண்ணியின் நோட்டும் அதே ஆசையிலிருந்து வந்ததுதானே.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொண்டேன். ஆள் சேர்ப்பது இந்தத் தொழிலில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. 'ஆள் சேர்க்கச் சொன்னாலே மோசடி' என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம், அது அவ்வளவு சரியில்லை. அல்பீ அம்மா சேர்த்த பெண்கள் போய்க் கதவைத் தட்டினார்கள். கதவுக்கு உள்ளே இருந்த பெண் தைலம் வாங்கினாள். காசு அவளிடமிருந்து வந்தது. கம்பெனிக்கும் அவளுக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

மூடியை அழுத்திக் காட்டியவர்

அடுத்தது டப்பர்வேர். ஏர்ல் டப்பர் என்பவர் 1940-களில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாத டப்பா செய்து கடைக்கு அனுப்பினார். போணி ஆகவில்லை. மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுவது என்று கடையில் சொல்லித்தர ஆள் இல்லை.

பிரவுனி வைஸ் என்ற பெண், கணவனைப் பிரிந்து மகனைத் தனியாக வளர்த்தவர். துடைப்பம், பிரஷ் மாதிரிச் சாமான்களை வீட்டுக்கூட்டம் போட்டு விற்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். அவர் இந்த டப்பாவை எடுத்துக்கொண்டார். தெரிந்த வீட்டில் பத்துப் பெண்களைக் கூட்டி, டப்பாவில் ஏதாவது ஊற்றி மூடி, அறைக்குக் குறுக்கே தூக்கி எறிவார். சிந்தாது. அவ்வளவுதான், ஆர்டர் குவியும். 1951-ல் டப்பர் கடைகளிலிருந்தே சரக்கை எடுத்துவிட்டு, வீட்டுக்கூட்டம் மூலமாக மட்டும் விற்பது என்று முடிவெடுத்து வைஸைத் துணைத் தலைவர் ஆக்கினார். 1954-ல் 'பிசினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் வந்த முதல் பெண் அவர்தான்.

1958-ல் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். கம்பெனியில் அவருக்கு ஒரு பங்குகூடக் கிடையாது. வழக்குப் போட்டு வாங்கியது ஒரு வருடச் சம்பளம், சுமார் 30,000 டாலர். அதே வருடம் டப்பர் கம்பெனியைக் கோடிக்கணக்கில் விற்றுவிட்டார். வீட்டிலிருந்து விற்கும் பெண்களிடம் 'இது உங்க சொந்த பிசினஸ்' என்று சொல்வார்கள் இல்லையா, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இனிமேல் பிரவுனி வைஸ்தான் ஞாபகம் வருவார்.

ஆனாலும் பாருங்கள், இதிலும் டப்பாவை வாங்கியது வெளியாள். வாங்கியவள் அதை வீட்டில் வைத்துப் புளியோ பருப்போ மாதிரி எதையோ போட்டு வைத்தாள். கணக்கு இன்னும் கெடவில்லை.

வைட்டமினும் புதுக் கணக்கும்

கணக்கில் புதிதாக ஒன்று நுழைந்தது 1945-ல். கார்ல் ரேன்போர்க் என்பவர் கலிபோர்னியாவில் 'நியூட்ரிலைட்' என்ற சத்து மாத்திரை செய்துகொண்டிருந்தார். அதை விற்கும் உரிமையை மைட்டிங்கர், காசல்பெரி என்ற இருவர் வாங்கினார்கள். ஒருவர் விற்பனைக்காரர், மற்றவர் மனோதத்துவம் படித்தவர். நல்ல ஜோடி. அவர்கள் போட்ட திட்டத்தில், நீங்கள் விற்பதற்குக் கமிஷன் உண்டு. நீங்கள் சேர்த்த ஆள் விற்பதற்கும், அவர் சேர்த்த ஆட்கள் விற்பதற்கும்கூட உங்களுக்கு ஒரு பங்கு வரும். பல அடுக்கு வியாபாரம், அதாவது எம்.எல்.எம்., வேர்விட்ட இடங்களில் முக்கியமானது இது என்று சொல்வார்கள்.

அப்பவே தகராறும் வந்தது. மாத்திரையோடு கொடுத்த ஒரு சின்னப் புத்தகத்தில் அது இன்னின்ன வியாதிக்கு நல்லது என்று நீளமாக அளந்திருந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சரக்கைப் பறிமுதல் செய்ய, வழக்கு 1950-ல் உச்ச நீதிமன்றம்வரை போய்க் கம்பெனி தோற்றது. சர்க்கரைக்குக் கேட்கும், மூட்டுவலிக்குக் கேட்கும் என்று இன்றைக்கும் யாராவது ஒரு டப்பாவை நீட்டினால், அது எழுபது வருடத்துக்கு முன்னாலேயே கோர்ட் ஏறிய பேச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த நியூட்ரிலைட்டை விற்க 1949-ல் சேர்ந்த இரண்டு இளைஞர்கள்தான் ஜே வான் ஆண்டல், ரிச் டிவோஸ். பத்து வருடம் கழித்து, 1959-ல், ஆம்வேயைத் தொடங்கியவர்கள்.

5,000 டாலருக்கு ஒரு பதவி

கணக்கு முழுசாகத் தலைகீழானது 1960-களின் கடைசியில், ஃபுளோரிடாவில். கிளென் டர்னர் என்பவர் 'காஸ்காட் இன்டர்பிளானட்டரி' என்று ஒரு அழகு சாதனக் கம்பெனி ஆரம்பித்தார். பெயரைப் பாருங்கள், கிரகம் விட்டுக் கிரகம்! சரக்கு என்னவோ மிங்க் என்ற பிராணியின் எண்ணெய் கலந்த முகப்பூச்சு.

5,000 டாலர் கட்டினால் 'டிஸ்ட்ரிபியூட்டர்' பதவி. நீங்கள் இன்னொருவரைக் கூட்டிவந்து அவரும் 5,000 கட்டினால், அதில் 3,000 டாலர் உங்களுக்கு. முகப்பூச்சு ஒரு டப்பாகூட விற்க வேண்டாம். அப்புறம் எவன் வேகாத வெயிலில் கதவைத் தட்டப் போகிறான்? எல்லோரும் ஆள் பிடிக்கப் போனார்கள். கூட்டங்களில் கைதட்டலும் கோஷமும் காதைப் பிளக்கும். வந்தவர்களை யோசிக்க விடாமல் அங்கேயே கையெழுத்து வாங்க வேண்டும். விலை உயர்ந்த உடுப்பும் காருமாக, பணக்காரன் மாதிரி நடந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குக் காது சுட்டது. முன்னால் சொன்ன சொந்தக் காரணம் இதுதான்.

2004-ல் மதுரையில் கல்லூரிக் கடைசி வருடம். நண்பன் ஒருவன் ஹோட்டல் ஹாலுக்கு ஒரு மீட்டிங்குக்குக் கூட்டிப்போனான். டை கட்டிய ஒருவர் வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டார், அதற்குக் கீழே ஆறு வட்டம், அதற்குக் கீழே முப்பத்தாறு. அரை மணி நேரத்தில் நான் மனதுக்குள் பைக் வாங்கிவிட்டேன். 6,000 ரூபாய் கட்டினேன், பதிலுக்கு ஒரு பெட்டி மூலிகை மாத்திரை. அடுத்த வாரமே என் மாமாவிடம் போய் நின்றேன். தையல் கடை வைத்திருந்தவர். "நீ சொன்னா சரிதான்டா" என்று எண்ணிக் கொடுத்தார். அவர் அந்த மாத்திரையை நம்பவில்லை, என்னை நம்பினார். அவருக்கும் ஒரு பெட்டி வந்தது, அதோடு சரி. அந்தக் கம்பெனி ஒரு வருடத்தில் போன இடம் தெரியவில்லை. மாமா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பல தடவை தோன்றியிருக்கிறது.

அந்த வட்டக் கணக்கை இந்த வாரம்தான் முதல்முறையாகப் பேப்பரில் போட்டேன். ஒருவருக்கு ஆறு பேர் வீதம் பத்து அடுக்கு இறங்கினால் மொத்தம் 7,25,59,410 பேர் ஆகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜனத்தொகை 7.21 கோடி. அதாவது பத்தாவது அடுக்கிலேயே பால் குடிக்கும் குழந்தைவரை எல்லோரும் மெம்பர், அதற்குமேலும் ஆள் வேண்டும். அதில் கடைசி அடுக்கில் மட்டும் சுமார் 6.05 கோடி. ஆறு பேரில் ஐந்து பேர் அடியில் நிற்கிறார்கள், அவர்களுக்குக் கீழே யாருமே இல்லை. இது கம்பெனிக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்த விஷயமே இல்லை. பெருக்கல் வாய்ப்பாடு, அவ்வளவுதான்.

1975, 1979: கேள்வி கேட்கத் தெரிந்துகொண்ட வருடங்கள்

1975-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் காஸ்காட் வழக்கில் ஒரு வரையறை கொடுத்தது. காசு கட்டிச் சேருகிற ஒருவருக்கு, பொருளை விற்கும் உரிமையோடு, ஆள் சேர்ப்பதற்கும் வெகுமதி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வெகுமதிக்கும், பொருளை உபயோகிக்க வாங்கும் கடைசி ஆளுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அது பிரமிடுத் திட்டம். சட்ட மொழியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரே கேள்விதான்: காசு யாரிடமிருந்து வருகிறது? வெளியே நிற்கும் வாங்குபவரிடமிருந்தா, உள்ளே சேர்ந்த விற்பவரிடமிருந்தா?

1979-ல் ஆம்வே வழக்கில் அதே ஆணையம், ஆம்வே பிரமிடு இல்லை என்றது. காரணமாகச் சொன்னது அந்தக் கம்பெனி வைத்திருந்த மூன்று விதிகளை. வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தையாவது விற்றிருக்க வேண்டும். மாதம் பத்து வாடிக்கையாளர்களுக்காவது விற்ற அத்தாட்சி வேண்டும். விற்காத சரக்கைத் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். 'ஆம்வே ஜெயித்த கேஸ்' என்று இதைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: விலையைக் கட்டிவைத்தது தப்பு, இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று மிகைப்படுத்திச் சொன்னதும் தப்பு என்று அதே தீர்ப்பு சொல்கிறது.

விதி எழுத்தில் இருந்தால் போதுமா, நடைமுறையில் இருக்க வேண்டாமா என்ற கேள்வி 2016-ல் ஹெர்பாலைஃப் விவகாரத்தில் வந்தது. அந்தக் கம்பெனி 20 கோடி டாலர் கொடுத்து ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டது. அந்தப் பணம் சுமார் 3,50,000 பேருக்குக் காசோலையாகப் போனது. இனிமேல் வெகுமதி கொடுப்பது உண்மையாக நடந்த, கணக்கில் ஏறிய சில்லறை விற்பனையை வைத்துத்தான் என்றும் உத்தரவானது. 1975-ல் கேட்ட அதே கேள்விதான், இந்தத் தடவை ரசீதோடு.

நம்ம ஊருக்கு வந்தது

பொருள் வாசலுக்கு வருவது நமக்குப் புதிதில்லை. வளையல்காரர் வந்திருக்கிறார், தவணைக்குப் புடவை மூட்டை வந்திருக்கிறது. ஆனால் எந்த வளையல்காரரும் "நீங்களும் வளையல் விற்க வாங்க, அதுல எனக்கு ஒரு பங்கு" என்று கேட்டதில்லை. அந்த ஏற்பாடு பெரிய அளவில் வந்தது 1990-களில், வெளிநாட்டுக் கம்பெனிகளோடு. டப்பர்வேர் 1996-ல், ஆம்வே 1998-ல்.

அவர்கள் வரும்போது இங்கே ஒரு சட்டம் தயாராகக் காத்திருந்தது. பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் வருடச் சட்டம். ஆள் சேருவதை வைத்துச் சுலபமாகப் பணம் பண்ணும் திட்டங்களை அது தடுக்கிறது. 2007-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஆம்வேயின் திட்டம் அந்த வரையறைக்குள் வருகிறது என்று தீர்ப்பு சொன்னது. அமெரிக்காவில் தப்பித்த கணக்கு இங்கே மாட்டியது. ரொம்ப வருடம், எது வியாபாரம் எது மோசடி என்று பிரிக்கத் தனி விதிமுறை இல்லாமலே ஓடியது.

2016-ல் மத்திய அரசு வழிகாட்டுதல்கள் கொடுத்தது. சேருவதற்குக் கட்டணம் கூடாது, விற்க முடியாத அளவுக்குச் சரக்கைத் தலையில் கட்டக் கூடாது, திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனை விதிகளே வந்துவிட்டன. பிரமிடுத் திட்டம் கூடாது. கம்பெனிக்கு இந்தியாவில் பதிவு அலுவலகமும் குறைதீர்க்கும் அதிகாரியும் இருக்க வேண்டும். விற்க வருபவர் அடையாள அட்டையோடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும்.

அண்ணியிடம் சொன்னது

ஒரு வாரம் கழித்து உட்கார்ந்தோம். மூன்றில் எது நல்ல கம்பெனி என்று நான் சொல்லவில்லை. அல்பீ அம்மா கதையில் ஆரம்பித்து மாமா கதைவரை சொன்னேன். மாமா விஷயம் அண்ணிக்கு அதுவரை தெரியாது. சேர்த்துவிடுகிற அக்காக்களிடம் கேட்க மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று: உங்களிடம் போன மாசம் வாங்கினவர்களில், கம்பெனியில் சேராதவர்கள் எத்தனை பேர்?

இரண்டு: விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

மூன்று: நான் யாரையுமே சேர்க்காவிட்டால், மாசம் எனக்கு என்ன நிற்கும்?

அண்ணி கெட்டிக்காரர். மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்தார். சத்து மாவு அக்கா முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டாராம். "வாங்குறது எல்லாம் நம்ம டீம்தான்மா" என்றாராம் யோசிக்காமல். சோப்பு அக்கா மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்கு வந்தால் புரியும் என்றாராம். மீட்டிங் என்றதும் அண்ணிக்கு என் வெள்ளைப் பலகை ஞாபகம் வந்திருக்கிறது.

சமையலறைச் சாமான் அக்கா மட்டும் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். நாற்பது வீட்டுப் பெயர், யார் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி. அதில் கம்பெனியில் சேர்ந்தவர் இரண்டு பேர்தான். ஆனால் நோட்டைப் பார்த்ததும் அண்ணி நான் எழுதிக் கொடுக்காத நான்காவது கேள்வி ஒன்றைக் கேட்டார்: "இந்த நாற்பது வீடும் நம்ம தெருதானே அக்கா? நீங்க வித்தாச்சு. அப்புறம் நான் யாருக்கு விக்கறது?"

அந்த அக்கா சிரித்துவிட்டாராம். "உங்க அம்மா ஊர்ல யாரும் விக்கலை, அங்க பாரும்மா" என்றிருக்கிறார்.

சரக்கு வாங்கி அடுக்காமல், ஆர்டர் வந்தால் மட்டும் எடுத்துக் கொடுப்பது என்று சேர்ந்திருக்கிறார் அண்ணி. அம்மா ஊருக்கு மாசம் இரண்டு தடவை போகிற பழக்கம் எப்படியும் உண்டு. முதல் மாசம் ஐந்து வீடு வாங்கியது. பஸ் செலவு போக நின்றது 640 ரூபாய். சீட்டுப் பணம் 20,000 அப்படியே போஸ்ட் ஆபீஸில் இருக்கிறது.

640 ரூபாயில் மாசக் கடைசி இடிப்பது நிற்காது. அண்ணிக்கும் தெரியும். வேறு என்ன செய்யலாம் என்றும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அந்த 640-ம் டப்பா தேவைப்பட்ட ஐந்து பேர் கொடுத்த காசு. அவர்களில் யாரிடமும் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போகிறேன். 6,000 ரூபாயைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். வாங்க மாட்டார் என்று தெரியும். எப்படியும் நான்தான் பேச்சை எடுக்க வேண்டும்.